மூச்ச மட்டும் எடுத்துடுங்க

உள்ள வரலாமா தம்பி? செருப்ப வெளியவே விட்டுட்டேன். அப்பாடா, என்னா குளிரு இங்க. வெளிய மதுரை வெயிலு மண்டையப் பொளக்குது, நீங்க ஊட்டியில உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க.

நீங்கதான ரிக்கார்டிங்கெல்லாம் சுத்தம் பண்ணிக் குடுக்குறது? எங்க ஊரு மண்டபத்துக்காரரு சொல்லி வந்தேன். அவரு மக கல்யாண வீடியோவுல தாலி கட்டுற நேரம் பாத்து எவனோ தும்மித் தொலைச்சதைத் தனியாப் பிச்சு எடுத்துட்டீங்களாமே. மேளம் அப்படியே இருக்கு, தும்மலக் காணோம்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு மனுஷன். என்னோடது அதவிடச் சின்ன வேலை. ஒரு பாட வீடியோ. அதுல மூச்சுச் சத்தம் கேக்கும். அந்த மூச்ச மட்டும் எடுத்துடுங்க. பேச்சுல கை வைக்கக் கூடாது. ஒரு எழுத்து கொறையக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.

இந்தாங்க பென்டிரைவ். அது ஏறட்டும், அதுக்குள்ள விஷயத்தச் சொல்லிடுறேன். விஷயம் தெரியாம வேலை பாத்தா சரியா வராது.

என் பேரு சௌந்தரபாண்டியன். பெரியகுளத்துல வெற்றிப்படி கோச்சிங் சென்டர் என்னோடதுதான். டெட்டு, குரூப் பரீட்சை, பேங்க் பரீட்சை எல்லாத்துக்கும் நடத்துறோம். தேனிப் பக்கம் எந்த கவர்மென்ட் ஆபீஸுக்குள்ள நுழைஞ்சாலும் எங்க பிள்ளை ஒன்னு சீட்டுல உக்காந்திருக்கும். கணக்குக்கும் பொது அறிவுக்கும் வெளி ஆளுங்க வருவாங்க, போவாங்க. இங்கிலீஷ் மட்டும் எங்க வீட்டம்மா. புஷ்பலதா, எம்.ஏ., பி.எட். புஷ்பா மிஸ்னா கம்பம் வரைக்கும் தெரியும். வீடியோவுல பேசுறது அவதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில தவறிட்டா. ஆங், ஆமா. இருக்கட்டும் தம்பி, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க, உக்காருங்க.

இது பார்ட்டிசிபிள்னு ஒரு இங்கிலீஷ் இலக்கணப் பாடம். நீங்களும் படிச்சிருப்பீங்க, மறந்திருப்பீங்க. சிரிக்காதீங்க, எனக்கே அவ சொல்லித்தான் தெரியும். ஒரு ஆளு, ரெண்டு வேலை. கதவத் தொறந்தான், வெளிய பாத்தான். ரெண்டுக்கும் தனித்தனியா ஆளு பேரு சொல்லணுமா? வேணாம். ‘ஓப்பனிங் த டோர்’னு முன்னாடி போட்டுட்டா கதவத் தொறந்துன்னு ஆயிப்போச்சு. அந்தத் துண்டுல வேலை இருக்கும், ஆளு இருக்க மாட்டான். ஆளு பின்னால வர்ற பெரிய வாக்கியத்துல நிப்பான். இவ்வளவுதான் பாடமே. இத மண்டையில ஏத்துறதுக்கு மத்த வாத்தியாருங்க வாரக்கணக்குல மல்லுக்கட்டுவாங்க. இவ ஒரே வகுப்புல முடிச்சிருவா.

எப்படி முடிப்பா? அங்கதான் இருக்கு சங்கதி. பாதி வாக்கியத்தப் போட்டுட்டு வாய மூடிக்குவா. ‘ஓப்பனிங் த டோர்…’ அவ்வளவுதான். கண்டக்டர் சில்லறைக்கு நிக்கிற மாதிரி கைய நீட்டிக்கிட்டு நிப்பா. மிச்சத்தப் பிள்ளைங்க சொல்லணும். எல்லாம் சேந்து கத்துங்க. சரியாச் சொன்னா ‘கரெக்ட்’ம்பா. அந்த ஒரு ‘கரெக்ட்’டுக்கு அடிச்சுக்குவாங்க பசங்க. தப்பாச் சொன்னியா, தொலைஞ்ச. ஒருத்தன் ‘என்டரிங் த ரூம், த ஃபேன் வாஸ் ரன்னிங்’னு எழுதிட்டான். ரூமுக்குள்ள நுழைஞ்சா ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு, தமிழ்ல சரிதான? இவ விடல. “ஏண்டா, ஃபேன் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நுழைஞ்சுச்சா, போட்டுக்கிட்டே நுழைஞ்சுச்சா?”னு கேட்டா. ஹாலே உருண்டுச்சு. “தமிழ்ல ஆளச் சொல்லாட்டியும் கேக்குறவங்க புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ்காரன் புரிஞ்சுக்க மாட்டான். பக்கத்துல எவன் நிக்கிறானோ அவன் தலையில கட்டிருவான்”னு சொல்லிக் குடுத்தா. அப்படி ஒரு வாத்தியார் இனி பொறந்து வரணும்.

வீடியோ எடுக்கலாம்னு சொன்னது நான்தான். அவளுக்காகத்தான் தம்பி. காலையில ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச், ஒரே பாடத்தத் தொண்டை கிழியக் கத்துறா. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. எடுத்து வச்சுட்டா நீ வீட்டுல கால நீட்டி உக்காந்துக்கலாம்லன்னேன். அவளுக்கு இஷ்டமில்ல. “ஆளே இல்லாத ஹால்ல நான் யாருக்குங்க பாதி வாக்கியத்த நிறுத்துறது? யாரு மிச்சத்தச் சொல்லுவா?”ன்னா. நீ பாட்டுக்கு நிறுத்து, இடைவெளி விட்டுக் கரெக்ட்னு சொல்லிடு, போட்டுக் காட்டும்போது உக்காந்திருக்குற பிள்ளைங்க சொல்லிக்கும்னேன். எப்படி என் யோசனை? அப்படித்தான் எடுத்தோம். வெறும் பெஞ்சுங்களப் பாத்துக் கேள்வி கேட்டா, நின்னா, கரெக்ட்னா.

ஒரு ஞாயித்துக்கிழமை. வாடகைக் கேமரா, பொழுது சாயுறதுக்குள்ள திருப்பிக் குடுத்தாகணும். எல்லாப் பாடத்தையும் அன்னைக்கே எடுத்துரலாம்னு உக்காந்துட்டோம். ரோட்டுச் சத்தம் விழும்னு ஜன்னலெல்லாம் சாத்துனேன். ஃபேனையும் நிறுத்திட்டேன், அது ‘கொர்ர்’னு மைக்ல விழும்ல. நான் எதையும் அரைகுறையாப் பண்ண மாட்டேன். கேமரா ஓடும்போது நான் வாயே தொறக்கல. அவ பேச்சு மட்டும்தான் இருக்கும், கேளுங்க வேணும்னா. காலையிலேருந்தே இடது கை குடையுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. போர்டுல எழுதுற வாத்தியாருக்குக் கை குடையாம என்ன பண்ணும்? சோத்துக் கையால எழுதுனா இடது கை ஏன் குடையுதுன்னு கேக்குறீங்களா? நீங்களும் என் மக மாதிரியே கேக்குறீங்க.

கடைசியா எடுத்தது இந்தப் பாடம். அன்னைக்கு ராத்திரி நெஞ்சப் பிடிக்குதுன்னா. கேஸுன்னு ஓம வாட்டர் குடுத்தேன். விடியும்போது இல்ல.

ஆனா ஒன்னு பாத்தீங்களா, எல்லாப் பாடத்தையும் முடிச்சிட்டுத்தான் போனா. ஒன்னக்கூடப் பாதியில விடல. எத்தன பேருக்கு அந்தக் குடுப்பினை இருக்கு?

காரியமெல்லாம் முடிஞ்சு சென்டரத் தொறந்தேன். ஜன்னலுக்குத் திரையப் போட்டு இருட்டாக்கி, புரொஜெக்டர்ல மொத மொத இந்தப் பாடத்தப் போட்டேன். சொவத்துல ஆளு உயரத்துக்கு நிக்கிறா. அந்த நீலச் சேலை. ‘ஓப்பனிங் த டோர்…’னு நிறுத்துறா. ஹால்ல ஒரு சத்தம் இல்ல. அய்யய்யோ யாரும் சொல்லலையேன்னு நானே வாயத் தொறக்கப் போனேன். அப்ப கடைசி பெஞ்சுல ஒரு பிள்ளை மெதுவா, ‘ஷீ சா எ டாக்’குன்னுச்சு. சொல்லி வாய மூடல, சொவத்துலேருந்து இவ ‘கரெக்ட்’டுங்குறா. உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு தம்பி. அதுக்கப்புறம் ஹாலே கத்துது. செத்துப்போனவ கேக்குறா, உயிரோட இருக்குறதுங்க பதில் சொல்லுதுங்க. ஒரே ஒரு குறைதான். தப்பாச் சொன்னாலும் இப்ப கரெக்ட்னு சொல்லிடுறா. உயிரோட இருந்தா விட்டிருப்பாளா?

நான் காலையில பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடியே போயிருவேன். மிஷின் ஓடுதான்னு பாக்கணும்ல. தனியா இந்தப் பாடத்தப் போட்டு மொத பெஞ்சுல உக்காந்துக்குவேன். அவ நிறுத்துற இடத்துல நானே சத்தமாச் சொல்லுவேன். கரெக்ட்னு சொல்லுவா. கட்டிக்கிட்ட நாள்லேருந்து அவ என்னைக் கரெக்ட்னு சொன்னது ரொம்பக் கம்மி தம்பி. இப்ப தினமும் சொல்றா.

கடைசியில ஒரு வாக்கியம் வரும். ‘ஹேவிங் ஃபினிஷ்ட் ஹெர் ஒர்க்…’ வேலைய முடிச்சிட்டு, என்ன பண்ணுனா? ‘ஷீ வென்ட் ஹோம்’, வீட்டுக்குப் போனா. அதுல மட்டும் இடைவெளி நீளம். பெஞ்சு பெஞ்சா ஆளுக்கொரு பதிலக் கத்தி முடிக்கிற வரைக்கும் நிப்பா. நானும் காலையில அந்த இடத்துல திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருப்பேன். அப்பதான் லேசாத் திரும்பி என்னைப் பாப்பா. கேமராவுக்குப் பக்கத்துல நான் நிக்கிறேன்ல அன்னைக்கு. அந்த ஒரு பார்வை. ஏதோ சொல்லிச் சிரிக்கிற மாதிரி உதடு அசையும். அதுக்காகவே தினமும் போடலாம்.

சரி, இப்ப என்ன பிரச்சினைங்குறீங்க. இந்த மூச்சுதான். மூச்சு வாங்கி வாங்கிப் பேசுறால்ல, ஸ்பீக்கர்ல அது பெருசாக் கேக்குது. போன பேட்ச்ல ஒரு பொண்ணு, போடிக்காரி, ஸ்பீக்கருக்கு அடியில உக்காருவா. பாடம் முடிஞ்சதும் எங்கிட்ட வந்து, “சார், மிஸ்ஸுக்கு இப்ப உடம்பு தேவலையா?”ன்னா. நான் என்னத்தச் சொல்றது? தேவலைம்மான்னேன். வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு நான் சொல்லல. வாசப் போர்டுல அவ பேரு அப்படியேதான் இருக்கு. எடுக்கத் தோணல. அந்தப் பொண்ணு பாஸ் பண்ணி அல்வாவோட வந்து நிக்குது, மிஸ்ஸப் பாக்கணும்னு. வெளிய போயிருக்காங்கன்னேன். உக்காந்து வெயிட் பண்றேன் சார்னுச்சு. உக்காந்துச்சு தம்பி. இருட்டுற வரைக்கும் உக்காந்துச்சு. நானும் எதுக்க உக்காந்திருந்தேன். ஒரு கட்டத்துல எனக்கே வாசலப் பாக்கத் தோணிருச்சு.

இந்த பேட்ச்ல உள்ளூர்க்காரன் ஒருத்தன் விஷயத்த அவுத்து விட்டுட்டான். அதுலேருந்து இந்தப் பாடம்னா பாதிப் பிள்ளைங்க வெளிய போயி நிக்குதுங்க. மூச்சக் கேட்டா பயமா இருக்காம். அட கிறுக்குப் பிள்ளைங்களா, உங்களுக்காக விட்ட மூச்சுதான அது?

அதுகூடப் பரவாயில்லன்னு விட்டிருவேன். என் மகதான் எனக்கு முக்கியம். நிவேதா, ஒரே பொண்ணு. கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கு. போன ஆடியில அம்மா பேசுறதக் கேக்கணும் போல இருக்கு, ஏதாச்சும் ஒரு வீடியோ அனுப்புங்கப்பான்னா. இருக்குறதுலயே நல்லது இதுதான்னு இத அனுப்புனேன். மறுநாள் போன் பண்ணுனா. அழுகை. “அப்பா, இத நீங்க கேட்டிருக்கீங்களா?”ன்னா. தினமும் கேக்குறேனேம்மான்னேன். அவ்வளவுதான், வச்சுட்டா. அப்புறம் மாப்பிள்ளை போன்லேருந்து ஒரு தடவ பேசுனா. “அந்தப் பாடத்தப் போடுறத நிறுத்துங்க. நிறுத்துனாத்தான் அந்த வீட்டு வாசப்படிய மிதிப்பேன்”னா. தீபாவளிக்கு வரல. பொங்கலுக்கு வரல.

இப்ப ஏழு மாசம் தம்பி. தலைச்சன் பிள்ளை. வளைகாப்புப் போட்டு நாமதான கூட்டிட்டு வரணும், பிரசவம் நம்ம வீட்டுலதான பாக்கணும். அம்மா இல்லாட்டி என்ன, என் தங்கச்சி வந்து இருக்கேன்னு சொல்லியிருக்கா. ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு, கொசுவலை வாங்கியாச்சு. அவ வரமாட்டேங்குறா. அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. முடிஞ்சதும் மாமியார் வீட்டுலயே இருந்துக்குறேங்குறா. ஊரு என்ன பேசும்? ஊரு கிடக்கட்டும், எனக்கு எப்படி இருக்கும்? பெத்த அம்மா மேல உள்ள துக்கத்த எம்மேல காட்டுறா. பக்கத்துல நின்னது நான்தான, அதான் என் தலையில கட்டிட்டா. நானா அவ நெஞ்ச நிறுத்துனேன்?

யோசிச்சுப் பாத்தேன். அம்மா மூச்சுத் திணறுறதக் கேக்க எந்த மகளால முடியும்? வயித்துல பிள்ளையோட வேற இருக்கா. அதுதான் அவளப் படுத்துது. அந்த மூச்ச எடுத்துட்டா அம்மா நல்லாப் பேசுவா, தெம்பாப் பேசுவா. அத அனுப்பி வைப்பேன். கேட்டுட்டு வந்துருவா. வந்துருவாள்ல?

ஏறிடுச்சா? போடுங்க. ஆங், அவதான். நீலச் சேலை. தோள்ல குத்தியிருக்கு பாருங்க, குட்டி மைக். என்னா கணீர்னு இருக்கா. இங்க, இங்க, கேட்டீங்களா? இந்த மூச்சு. இதத்தான் சொன்னேன். நீங்க அந்த ஹெட்போன்ல கேட்டுக்கங்க, அதுலதான தெளிவாத் தெரியும். நான் கடைசி வரைக்கும் பேசாம இருக்கேன்.

என்ன தம்பி, நிறுத்திட்டீங்க? கடைசி வாக்கியம்தான, அங்க ஒன்னும் இருக்காது. அது பிள்ளைங்க பதில் சொல்ற இடம். சும்மா விட்ட இடைவெளி.

ஆம்பளக் குரலா? இருக்காதே. ஹால்ல நாங்க ரெண்டு பேருதான். கதவு சாத்தியிருந்துச்சு. நான்தான் சொன்னேன்ல, வாயே தொறக்கலன்னு.

குடுங்க, நானே கேக்குறேன். இத எப்படி மாட்டுறது? சரி, போடுங்க.

‘ஹேவிங் ஃபினிஷ்ட் ஹெர் ஒர்க்…’

ஷீ வென்ட் ஹோ… ஓ, நான் பேசக் கூடாதா? பழக்கம் தம்பி, தானா வந்துருச்சு. திரும்பப் போடுங்க. இந்தத் தடவ வாயப் பொத்திக்கிறேன்.

…

“ஏங்க, கொஞ்சம் தண்ணி.”

தண்ணி கேக்குறா. திரும்பிப் பாக்குறாள்ல, அப்ப. நான் சிரிக்கிறான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இத நான் கேட்டதே இல்லையே தம்பி. எப்படிக் கேக்கும், அந்த நேரம் பிள்ளைங்க கத்துங்க. காலையில நான் கத்துவேன்.

போடுங்க, மேல போடுங்க.

“முடிச்சிட்டுக் குடிச்சுக்கலாம். ஓடிக்கிட்டிருக்கு, நிறுத்தாத.”

யாரு அது? என் குரலா அது? நான் அப்படியா பேசுவேன்? அதட்டலையே? மெதுவாத்தான் சொல்லியிருக்கேன். கேமராவ அப்பவே திருப்பிக் குடுக்கணும் தம்பி, உங்களுக்குத் தெரியும்ல, வாடகைக் கேமரா. கொஞ்ச நேரந்தான். கடைசி வாக்கியம்தான.

அது என்ன சத்தம்? கரக்கு கரக்குன்னு. அதுக்கப்புறம் மடக்கு மடக்குன்னு. பின்னாடி போயித் திரும்பப் போடுங்க.

பாட்டில் மூடி. ஜன்னல் சாத்தி ஒரே புழுக்கம் அன்னைக்கு. பாட்டிலு என் கையிலதான் இருந்துச்சு. நான் குடிக்கிறேன் தம்பி. அவ என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறா, நான் குடிக்கிறேன்.

“கரெக்ட்.”

ஐயோ, அதுக்குப் போயி கரெக்ட்ங்குறா. நான் சொன்னதுக்கு, குடிச்சதுக்கு, கரெக்ட்டுங்குறா.

இதத்தான் நிவேதா கேட்டிருக்கா. தனியா உக்காந்து, பதில் சொல்லாம கேட்டிருக்கா. ஏழு மாசத்துப் பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கிட்ட எப்படி வருவா? தண்ணின்னு கேட்டா இந்த மனுஷன் குடுப்பானான்னு தோணாதா? நியாயந்தான? சொல்லுங்க தம்பி.

இல்ல, மூச்ச எடுக்காதீங்க. மூச்சு இருக்கட்டும். மூச்சுல என்ன தப்பு இருக்கு? இந்தப் பாடத்த இனிமே ஹால்ல போடல. வாசப் போர்ட எடுத்துடுறேன். அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க எனக்கு வேற ஒரு வேலை பாத்துக் குடுக்கணும். அந்தத் தும்மல எடுத்தீங்கள்ல, அதே மாதிரி என் குரல எடுத்துடுங்க. பாட்டில் சத்தத்தையும். அவ ‘ஏங்க, கொஞ்சம் தண்ணி’ங்குறது இருக்கணும். அந்த ‘கரெக்ட்’டும் இருக்கணும். நடுவுல காலியா இருக்கும்ல, அங்க நான் இப்ப பேசுறேன், ஒட்டிக் குடுத்துடுங்க. ஒட்டலாம்ல?

பொய்யின்னு எனக்குத் தெரியாதா தம்பி? இது நிவேதாவுக்கு இல்ல, அவளுக்கு அனுப்பவே மாட்டேன். பிள்ளைங்களுக்கும் இல்ல. காலையில நான் மட்டும் போட்டுக் கேக்குறதுக்கு.

மைக் இதுதான? பக்கத்துல வரணுமா? சரி. சிவப்பு லைட்டு எரிஞ்சா பேசணும்.

இந்தா புஷ்பா. தண்ணி. குடி, மெதுவாக் குடி. பாடம் கிடக்கட்டும்.

விழுந்துச்சா? தொண்டை கட்டியிருக்கு, கெழவன் பேசுற மாதிரி இருக்கும். அவளுக்கு அடையாளம் தெரியாது. அழிச்சிடுங்க தம்பி, இன்னொரு தடவ சொல்றேன்.